இரவில் வரும் காதலன்: ரத்தக்காட்டேரிக் காதல்கதைகளும் வயதுவந்த வாசகரும்

இறந்த பின்னும் உடலோடு உலவி, உயிருள்ளோரின் குருதியை உண்டு வாழும் ஒருவனையோ ஒருத்தியையோ காதலுக்குரிய தலைமை மாந்தராக நிறுத்தி எழுதப்படும் புனைகதை வகையே ரத்தக்காட்டேரிக் காதல்கதை எனப்படுகிறது. அச்சமூட்டுவதற்கென்று பிறந்த ஓர் உருவம் காதலுக்குரியதாக மாறியது எப்படி என்பது இலக்கிய வரலாறு விடை சொல்ல வேண்டிய கேள்வி. அவ்வாறு மாறிய உருவத்தைப் பதின்பருவத்தினர் மட்டுமின்றி, மணமாகி, வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து, கடனையும் நோயையும் கண்ட வயதுவந்தோரும், அவர்களுள் குறிப்பாகப் பெண்களும், ஏன் விரும்பி வாசிக்கின்றனர் என்பது வாசிப்பின் உளவியலும் சமூகவியலும் சேர்ந்து ஆராய வேண்டிய கேள்வி. அன்றாடத்திலிருந்து தப்பிக்கும் ஆசை என்றும், வெளியே சொல்ல முடியாத காமத்தின் வடிகால் என்றும் இதற்கு இரு விடைகள் வழக்கமாகக் கூறப்படுகின்றன. இரண்டும் எல்லாக் காதல்கதைகளுக்கும் பொருந்துவனவாகையால், அரசகுமாரனும் படைத்தளபதியும் தொழிலதிபரும் கதைகளில் நிறைந்திருக்க இந்தக் குருதி உண்ணும் பிணத்தை வாசகர் ஏன் தேர்கின்றனர் என்பதை அவை விளக்குவதில்லை.

இக்கேள்வியைப் புனே நகரிலிருந்து ஆராய்வதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. நகரின் கிழக்கில், படைமுகாமும் ரயில்வேயும் சேர்ந்து வளர்த்த கோர்படியில், அவ்வேலைகளுக்கென வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் மராத்தியும் இந்தியும் பேசுவோர் நடுவே வாழ்கின்றன. தெற்கிலிருந்து வந்த நீலி, மோகினிக் கதைகளும் மண்ணுக்குரிய வேதாளக் கதைகளும் ஆங்கில மலிவுப் பதிப்புகளும் ஒரே தெருவில் புழங்கக்கூடிய சூழல் அது. நகரின் மேற்கில், புனேயின் மிக உயர்ந்த குன்றான வேதாள் டேக்டியின் உச்சியில் வேதாளத்துக்குக் கோயில் இருக்கிறது. இன்றைய குருவார் பேட்டை ஒரு காலத்தில் வேதாள் பேட்டை என்றே வழங்கியது. அந்தக் குன்றுத் தொடரின் அடிவாரச் சாலையில் உள்ள திரைப்படக் கல்லூரியோடு தொடர்புடைய இருவரின் படைப்புகள், மனிதரல்லாத காதலனைப் பற்றி இந்தியாவில் எழுந்த மிகச் சிறந்த ஆக்கங்களுள் இடம்பெறுகின்றன என்பது பின்னர் விளக்கப்படும்.

பிணம் பிரபுவான வரலாறு

ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையில் ரத்தக்காட்டேரி அழகனாக இருந்ததில்லை. ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த செர்பியப் பகுதியில் 1725 இல் பீட்டர் பிளோகோயோவிட்ஸ் என்னும் குடியானவரின் கல்லறையும், 1730களின் தொடக்கத்தில் அர்னால்ட் பாவோலே தொடர்பான கல்லறைகளும் தோண்டப்பட்டபோது அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளில் காணப்படுவது, அழுகாமல் உப்பி, முகம் சிவந்து, வாயோரம் குருதி படிந்த நாட்டுப்புறத்துப் பிணமே ஆகும். கொள்ளைநோயால் ஊரே மாண்டபோது முதலில் இறந்தவர் மீது பழி சுமத்திய அச்சத்தின் வடிவம் அது.

1816 இல் ஜெனிவா ஏரிக்கரையில் கவிஞர் பைரனோடு தங்கியிருந்த அவருடைய மருத்துவர் ஜான் பாலிடோரி, 1819 இல் வெளியான தம் கதையில் அந்தக் குடியானவப் பிணத்தைப் பிரபுவாக மாற்றினார். விருந்துகளில் பெண்களைக் கவர்ந்து அழிக்கும் அந்தப் பிரபுவின் சாயலிலேயே பின்வந்தோர் பலர் எழுதினர். அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு 1871-72 இல் தொடராக எழுதிய கார்மில்லாவில், இரையாகும் இளம்பெண்ணும் அவளை நாடிவரும் பெண் காட்டேரியும் ஒருவர்மேல் ஒருவர் கொள்ளும் ஈர்ப்பு, அச்சத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாதபடி எழுதப்பட்டது. 1897 இல் வெளியான பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவில் நாட்குறிப்பும் கடிதமும் தந்தியும் எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் மனிதர்களே. டிராகுலாவின் பார்வையில் நாவல் எங்கும் கதை சொல்வதில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸ் 1976 இல் வெளியிட்ட 'இன்டர்வியூ வித் தி வேம்பயர்' நாவலில் காட்டேரியே தன் கதையைச் சொல்லத் தொடங்கியதுதான் பெரிய திருப்பம். பேசத் தெரிந்த அசுரன் வாசகரின் இரக்கத்துக்குரியவனானான், இரக்கத்துக்குரியவன் காதலுக்குரியவனாவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை.

லாரல் ஹாமில்டன் 1993 இலும், கிறிஸ்டின் ஃபீஹன் 1999 இலும், சார்லேன் ஹாரிஸ் 2001 இலும் தொடங்கிய நாவல் வரிசைகள் வயதுவந்தோரையே எதிர்நோக்கி எழுதப்பட்டவை. 2005 இல் வந்த ஸ்டெஃபனி மேயரின் ட்வைலைட் இளையோருக்கென விற்கப்பட்ட போதிலும் தாய்மார்களிடமும் பரவி, அவ்வரிசை 10 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. அதன் மாந்தரைக் கொண்டு ரசிகை ஒருவர் எழுதத் தொடங்கிய கதையே, காட்டேரித்தன்மை நீக்கப்பட்டு, 2011 இல் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்னும் நாவலாயிற்று. குருதியை நீக்கிய பின்பும் செல்வமும் ஆபத்தும் தன்னடக்கமும் கொண்ட ஆண் என்ற வார்ப்பு அப்படியே எஞ்சி நின்றது, இவ்வகையின் ஈர்ப்பு எதில் அடங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று.

வாசகர் தேடுவது

காதல்கதை வாசிப்பை வாசகியரிடமே கேட்டு ஆராய்ந்த முன்னோடி நூல், ஜேனிஸ் ராட்வே 1984 இல் வெளியிட்ட 'ரீடிங் தி ரொமான்ஸ்' ஆகும். அமெரிக்காவின் நகரம் ஒன்றில், நாளெல்லாம் பிறரைக் கவனித்துக்கொள்வதையே வேலையாகக் கொண்ட மணமான பெண்களுக்கு, நூலைக் கையில் எடுப்பதே தமக்கென ஒரு நேரத்தை உரிமை கோரும் செயலாக இருந்ததையும், கடுமையான ஆண் இறுதியில் தாயைப்போல் பேணுபவனாக வெளிப்படுவதே அவர்கள் கதையில் எதிர்பார்த்த பயன் என்பதையும் அவர் காட்டினார். இந்த முடிவு காட்டேரிக் கதைக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது. ஏனெனில் சாதாரணக் கதைநாயகனின் கடுமை சொல்லளவில் நிற்க, காட்டேரியின் கடுமையோ உயிரைக் கொள்ளக்கூடியது. கொல்லும் வலிமையும் கொல்வதற்கான பசியும் ஒருசேர உடையவன் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும்போது, அந்தத் தடுத்தலே காதலின் அளவுகோலாகிவிடுகிறது. ஆணின் வலிமையை வீட்டிலும் தெருவிலும் பணியிடத்திலும் கணக்கில் கொண்டே வாழப் பழகிய வாசகிக்கு, வலிமை இல்லாதவனின் மென்மையை விட வலியவனின் அடக்கம் அரிதாகத் தோன்றுவது இயல்பே.

இரண்டாவது காரணம் இசைவு, அதாவது ஒருவர் மற்றவரை அணுகுவதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டும் என்னும் நெறி. அழைக்கப்படாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்று ஸ்டோக்கர் காட்டேரிக்கு விதித்த கட்டுப்பாடு, அவர் நாவலில் தற்காப்புக்கான விதியாக இருந்தது. பின்வந்த காதல்கதைகள் அதையே வாசல்படியில் நின்று அனுமதி கேட்கும் காட்சியாக வளர்த்துக்கொண்டன. ஹாரிஸின் நாவல்களில் கொடுத்த அழைப்பைத் திரும்பப் பெறவும் முடியும். திரும்பப் பெற்ற கணமே காட்டேரி வீட்டை விட்டு வெளியேறியாக வேண்டும். நடைமுறை வாழ்வில் சொல்லிப் பயனில்லாமல் போகும் மறுப்பு, இயற்கை விதியின் வலிமையோடு கதையில் நிறைவேறுகிறது.

மூன்றாவது காரணம் காலமும் இழப்பும் ஆகும். ஆன் ரைஸின் மகள் 1972 இல் ரத்தப் புற்றுநோயால் சிறு வயதிலேயே இறந்ததை அடுத்து எழுதப்பட்ட அவருடைய முதல் நாவலில், வளராமலும் சாகாமலும் நிலைத்துவிட்ட சிறுமி ஒருத்தி இடம்பெறுவதை ஆய்வாளர்கள் பலர் சுட்டியுள்ளனர். இறவாமை பதின்பருவ வாசகருக்கு முடிவில்லாத இளமையைக் குறிக்கிறது. பெற்றோரை அடக்கம் செய்த, தம் உடலில் முதுமையின் முதல் அடையாளங்களைக் கண்ட வாசகருக்கு அது வேறொன்றைக் குறிக்கிறது; எல்லோரும் இறந்த பின்னும் எஞ்சியிருப்பவனின் துயரை அவர் தம் துயரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பல நூற்றாண்டுகள் வாழ்ந்த காதலனுக்கு இந்த ஒருத்தியின் ஒரு மாலைப்பொழுது பொருட்படுத்தத்தக்கதாக இருக்கிறது என்பதில், மூப்படைவதால் மதிப்பிழப்போம் என்னும் அச்சத்துக்கும் ஒரு மறுமொழி கிடைக்கிறது.

நான்காவது காரணம் கவனம். ஹாரிஸின் கதைநாயகி, பிறர் மனத்தில் ஓடுவதையெல்லாம் கேட்கும் ஆற்றலால் அல்லற்படும் ஓர் உணவகப் பணிப்பெண்; காட்டேரியின் மனம் மட்டுமே அவளுக்குக் கேட்பதில்லை என்பதால் அவனருகே அவள் அமைதி காண்கிறாள். எல்லோருடைய தேவைகளையும் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு அந்த அமைதியின் அருமை தெரியும். வரலாற்றறிஞரான டெபோரா ஹார்க்னெஸ் 2011 இல் வெளியிட்ட 'எ டிஸ்கவரி ஆஃப் விட்ச்சஸ்' நாவலின் தலைவி, ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் சுவடி ஆராயும் அறிஞர். அவரைக் காதலிக்கும் காட்டேரி ஒரு மரபணு ஆய்வாளர். தன் வேலையையும் அறிவையும் பொருட்படுத்தும் துணை என்பது பள்ளி மாணவியின் கனவாக இருக்க வேண்டியதில்லை. வேலையும் குடும்பமும் ஒருங்கே இழுக்கும் வயதில்தான் அக்கனவு வலுப்பெறுகிறது.

நீலியும் வேதாளமும்

தமிழிலும் அண்டை மொழிகளிலும் இந்த அமைப்பு தலைகீழாக இருந்து வந்துள்ளது: இங்கே ஆபத்தான காதலர் பெண், இரையாகக்கூடியவன் ஆண். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகிப் பழிதீர்த்த நீலியின் கதையும், அவளுக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர் சொல் தவறாமைக்காகத் தீப்பாய்ந்த செய்தியும் தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டவை. சமணக் காப்பியமான நீலகேசி அதே நீலியை வாதம் செய்யும் அறிஞையாக்கியது. கேரளத்தில், இரவில் தனியே செல்லும் ஆணிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் குருதி குடிக்கும் யட்சியை மந்திரவாதி ஆணியறைந்து அடக்கும் கதைகளைக் கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிகமாலை தொகுத்து வைத்துள்ளது. மகாராஷ்டிரத்தின் ஹடளும் ஜகீணும் பெரும்பாலும் நிறைவேறாத வாழ்வோடு இறந்த பெண்களின் ஆவிகளே. இக்கதைகள் ஆண்களை எச்சரிப்பதற்காகச் சொல்லப்பட்டவை. விரும்பும் பெண்ணே இவற்றில் பேயாகிறாள், அவள் அடக்கப்படுவதே கதையின் முடிவாகிறது. 1943 இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் காஞ்சனை, வேலைக்காரியாக வீட்டுக்குள் வந்து சேரும் அத்தகைய ஒருத்தியை, அவள் உண்மையில் யார் என்பதை உறுதிப்படுத்தாமலேயே நவீனக் குடும்பத்தின் நடுவில் நிறுத்தியது.

வேதாளத்தின் நிலை வேறானது. மராத்தி மண்ணில் பூதகணங்களின் தலைவனாகவும் ஊர்க்காவலாகவும், செந்தூரம் பூசிய கல்லாக வழிபடப்படும் வேதாளம், கதையிலக்கியத்தில் பிணத்தில் புகுந்து பேசும் அறிவாளியாகும். கோதாவரிக் கரையில் உள்ள பைட்டண், அதாவது பண்டைய பிரதிட்டானத்தில், சாதவாகன மன்னனின் அவையைச் சேர்ந்த குணாட்டியர் பேய்மொழி எனப்பட்ட பைசாசத்தில் தம் குருதியையே மையாக்கிப் பிருகத்கதையை எழுதினார் என்பது மரபு. தமிழின் பெருங்கதைக்கு மூலமான அதே பிருகத்கதை வழிவந்ததாகச் சொல்லப்படும் கதாசரித்சாகரத்தை 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றினார், வேதாளத்தின் இருபத்தைந்து கதைகள் அதனுள் அடங்கும். அவற்றுள் பெரும்பங்கு, ஒரு பெண்ணுக்கு உரிய கணவன் யார், எவருடைய காதல் பெரிது என்று கேட்கும் கதைகள். பம்பாய்ப் படையில் பணியாற்றி, உதகமண்டலத்திலும் சில காலம் தங்கிச் சென்ற ரிச்சர்ட் பர்ட்டன், அவற்றுள் பதினொன்றை 1870 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, குருதி குடிக்காத வேதாளத்துக்குக் காட்டேரி என்று தலைப்பிலேயே பெயர் சூட்டினார். பர்ட்டனை நேரில் அறிந்திருந்த ஸ்டோக்கர், பேசும்போது வெளித்தெரிந்த அவருடைய கோரைப்பல்லைத் தம் நினைவு நூலில் வியந்து குறிப்பிட்டுள்ளார். அந்தப் பழக்கத்திலிருந்து டிராகுலா பிறந்தான் என்று சொல்லச் சான்று போதாது; எனினும் கீழைத்தேய வேதாளமும் மேலைத்தேயக் காட்டேரியும் ஆங்கில வாசகரின் மனத்தில் ஒன்றுகலந்த காலம் அதுவே.

மணவாழ்வுக்குள் வரும் அயலான்

ஆபத்தான ஆணைப் பெண் தேர்ந்துகொள்ளும் கதை இந்திய மரபில் அறவே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிழையாகும். அது இருக்கிறது, காதல் அரும்பும் பருவத்தில் நிகழாமல், மணமான பின் நிகழ்கிறது.

ராஜஸ்தானின் போருந்தா ஊரைச் சேர்ந்த விஜயதான் தேத்தா, நாட்டார் கதையொன்றைத் தழுவி எழுதிய துவிதா, இவ்வகையில் முதன்மையானது. மணமகளை அழைத்துவரும் வழியிலேயே கணக்கில் மூழ்கியிருந்து, மறுநாளே ஐந்தாண்டு வணிகப் பயணத்துக்குக் கிளம்பிவிடும் கணவனின் உருவில், வழியில் அவளைக் கண்டு மனம் பறிகொடுத்த பேய் ஒன்று வீட்டுக்கு வருகிறது. ஊரையும் மாமனாரையும் ஏமாற்றும் அப்பேய் அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு, ஏற்பதையும் மறுப்பதையும் அவளுக்கே விட்டுவிடுகிறது. கணவன் ஒருபோதும் கேட்டிராத கேள்வியைப் பேய் கேட்கிறது என்பதில்தான் கதையின் முழு வலிமையும் இருக்கிறது. முடிவில் ஆட்டிடையன் ஒருவனின் தந்திரத்தால் பேய் தோல்பையில் அடைபட, பெண் கணவனோடு விடப்படுகிறாள். புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற மணி கௌல் 1973 இல் இதைப் படமாக்கியபோது அந்த முடிவை மாற்றவில்லை. 2005 இல் அமோல் பாலேகர் இயக்கிய பகேலியில் பேய் கணவனின் உடலுக்குள்ளேயே புகுந்து அவளிடம் திரும்பிவிடுகிறது. முப்பதாண்டு இடைவெளியில் கதை தன் துயர முடிவை விட்டுக் காதல்கதைக்குரிய இன்ப முடிவை ஏற்ற இம்மாற்றம், மேற்கில் காட்டேரிக் கதை நடந்துவந்த பாதையை ஒத்திருக்கிறது.

1974-75 இல் அதே கல்லூரியின் இயக்குநராக இருந்த கிரீஷ் கர்னாட், 1988 இல் எழுதிய நாகமண்டலத்தில் இதை இன்னொரு கோணத்தில் அணுகினார். பகலில் மனைவியைப் பூட்டிவைத்துவிட்டுப் பரத்தை வீட்டுக்குப் போகும் அப்பண்ணாவின் உருவில், இரவில் ஒரு நாகம் ராணியிடம் வந்து அன்பாகப் பேசுகிறது. பகல் கணவனும் இரவுக் கணவனும் ஒருவர்தானா என்று அவள் கேட்பதில்லை. கேட்டால் இரவு நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும் என எண்ணவும் நாடகம் இடந்தருகிறது. நஞ்சுடைய உயிர் பரிவுடையதாகவும், தாலி கட்டியவன் கொடியவனாகவும் அமையும் இந்த எதிர்நிலை, காட்டேரிக் காதல்கதை தன் வாசகியிடம் சொல்லாமல் சொல்லுவதை வெளிப்படையாக்குகிறது: வீட்டுக்கு வெளியே இருக்கும் ஆபத்தைக் காட்டிலும் உள்ளே இருக்கும் அக்கறையின்மை அவளுக்கு அதிகம் பழக்கமானது. வேதாளக் கதைகளுள் ஒன்றான தலைமாறிய கணவர் கதையைக் கொண்டு கர்னாட் 1971 இல் எழுதிய ஹயவதனமும், ஓர் ஆணிடமே எல்லாம் கிடைக்க வேண்டும் என்னும் பெண்ணின் விருப்பத்தை மையமாக்கியது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இன்றைய வாசிப்பும் எதிர்வாதங்களும்

தமிழில் இவ்வகைக்கான மனநிலத்தை மாத நாவல்கள் முன்பே பண்படுத்தியிருந்தன. ரமணிசந்திரனின் நாவல்களில் செல்வமும் செருக்கும் கொண்ட நாயகன் தவறாகப் புரிந்துகொண்டு கடுமை காட்டி, இறுதியில் கனிகிறான். இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்களில் அமானுடம் அன்றாட வீட்டுக்குள் நுழைகிறது. இவ்விரு ஓட்டங்களும், 2014 இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பிரதிலிபி போன்ற கைபேசிச் செயலிகளில் ஒன்றுகலந்து, காட்டேரிக் காதலனும் நாகக் காதலனும் தமிழ்ப் பெயர்களோடு வலம்வரும் தொடர்கதைகளாகியுள்ளன. அட்டைப்படம் பிறர் கண்ணில் படாமல் ரயிலிலோ அடுக்களையிலோ அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்க முடிவது, கூட்டுக்குடும்பத்தில் வாழும் பெண்ணுக்கு ராட்வே குறிப்பிட்ட தனி நேரத்தை வேறு வழியில் தருகிறது.

திரைப்படமும் இதே திசையில் நகர்கிறது. 2025 இல் வெளியான மலையாளப் படமான லோகா, கேரள யட்சியான கள்ளியங்காட்டு நீலியை ஆணியறைந்து அடக்கப்பட வேண்டியவளாகக் காட்டாமல் குருதிப் பசியோடு போராடும் காவலாளியாகக் காட்டியது. அதே ஆண்டில் ஆதித்ய சர்போத்தார் இயக்கிய இந்திப் படமான தம்மா, வேதாள இனத்துப் பெண்ணுக்கும் மனிதனுக்கும் இடையிலான காதலைச் சொன்னது. மேலைக் காட்டேரியின் காதல் இலக்கணம் உள்நாட்டு உருவங்களுக்கே பொருத்தப்படும் நிலையை இவ்விரண்டும் காட்டுகின்றன.

இவ்வகையின் மீது வைக்கப்படும் கண்டனங்கள் புறந்தள்ளத்தக்கவை அல்ல. ட்வைலைட்டின் நாயகன், நாயகி அறியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காதலின் ஆழமாகக் காட்டுவது, பின்தொடர்ந்து தொல்லை தருவதை அன்பென்று கற்பிக்கிறது என்று பெண்ணியத் திறனாய்வாளர்கள் சுட்டினர். தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் செய்துவந்ததும் அதுவே என்பதால் இங்கு அக்கண்டனம் கூடுதல் எடை பெறுகிறது. காட்டேரி பெரும்பாலும் பெருஞ்செல்வனாகவே இருப்பதும், பிறர் உழைப்பில் வாழும் வர்க்கத்தின் உருவகமாக மார்க்சியர் கண்ட அவ்வுருவத்தை வாசகர் கணவனாக வரிப்பதும் முரண்பாடே. ஆனால் வயதுவந்த வாசகர் இவற்றை அறியாமல் வாசிக்கிறார் என்று கொள்வதற்கு அடிப்படை இல்லை. எந்தப் பக்கத்திலும் நூலை மூடிவைக்க முடியும் என்னும் நிலையில், வாழ்வில் ஏற்க முடியாத ஆபத்தைக் கற்பனையில் அளந்து பார்ப்பது, அந்த ஆபத்தை ஒப்புக்கொள்வதாகாது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், ரத்தக்காட்டேரிக் காதல்கதையின் ஈர்ப்புக்கு மையமாக இருப்பது அதிகாரத்தின் இடமாற்றம் என்பது தெளிவாகும். நீலி, யட்சிக் கதைகளில் ஆசையின் ஆபத்தை ஆண் மதிப்பிட்டான், அதற்கான தண்டனையைப் பெண் ஏற்றாள். காட்டேரிக் காதல்கதையிலும் துவிதாவிலும் ஆபத்தை மதிப்பிடுகிறவளும் வாசலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கிறவளும் பெண். ஆகவே இவ்வகை நாவல் ஒன்றை எடைபோடும் திறனாய்வாளர், அதில் குருதி எவ்வளவு, காமம் எவ்வளவு என்று பார்ப்பதை விட, வருகிறவன் தான் யார் என்னும் உண்மையை முன்கூட்டிச் சொல்கிறானா, மறுத்தால் திரும்பிப் போகிறானா என்னும் இரண்டையும் கேட்பதே பொருந்தும். இரண்டும் அமைந்த கதை பேயைப் பற்றியதாக இருந்தாலும் வயதுவந்தோருக்குரியது. இரண்டும் இல்லாத கதை, அதன் நாயகன் முழு மனிதனாகவே இருந்தாலும், பழைய எச்சரிக்கைக் கதைகளின் தரத்திலிருந்து ஓரடியும் முன்னேறாதது.